அக்காவும் காப்பிப்பூ வாசமும்

அக்காவிடம் போய் "வருத்தமா இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்பாள். அது உண்மையும்கூட. அழுகை இல்லை, புலம்பல் இல்லை. சிவதாபுரத்து வீட்டில் கொலுசுக்குச் சலங்கை வைக்கும் வேலையும் நிற்கவில்லை. எதிலும் பிடிப்பு மட்டும் இல்லை. தட்டுவடை செட் என்றால் உயிரை விடுபவள். வாங்கிப் போனால் "வச்சுட்டுப் போ" என்பாள். பொட்டலம் ராத்திரி வரை பிரிக்காமலே கிடக்கும்.

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் தரும் பிஹெச்க்யூ-9 படிவத்தில் முதல் கேள்வியே இதைப் பற்றியதுதான்: கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? சோகம் பற்றிய கேள்வி அடுத்துதான் வருகிறது.

மாத்திரையில் தூக்கம் சரியானது. ருசி திரும்பவில்லை. ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் செய்யத் தொடங்கினால், ஆசை பின்னால் வரும் என்றார் உளவியலாளர் மேடம். தினம் ஒரு சின்ன வேலையும் எழுதிக் கொடுத்தார். ஆனால் மொட்டைமாடிக்கு ஏறக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் விஆர் (மெய்நிகர்) சிகிச்சை பற்றிப் படித்தேன். கண்ணை மூடுகிற மாதிரி ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால், வேறொரு இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் சுற்றிலும் காட்சி தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மிஷெல் கிராஸ்க் குழுவினர் 2021-ல் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். ஹெட்செட்டில் பவளப்பாறைகளுக்கு நடுவே நீந்தலாம், பைன் காட்டுக்குள் ரயிலில் போகலாம். என்னை ஈர்த்தது அதற்குப் பிறகு நடப்பது. கண்ணை மூடி, பார்த்ததை இப்போது நடக்கிற மாதிரியே சொல்ல வேண்டும். எது நன்றாக இருந்தது, உடம்பில் என்ன உணர்ந்தோம் என்று நிதானமாக. நல்லதை எதிர்பார்ப்பது, நடக்கும்போது அனுபவிப்பது, பிறகு நினைத்துப் பார்ப்பது எல்லாமே இந்த நோயில் மங்கிப்போகிறது. அதற்கான பயிற்சி இது.

தன் முன்னால்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி மேடம் சம்மதித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கச்சி மகன் ஹெட்செட் கொண்டுவந்தான். அக்காவுக்குப் பவளப்பாறை எதற்கு? ஏற்காட்டுக்கே போய் 360 டிகிரி கேமராவில் எடுத்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் எடுக்கவில்லை. கண் நகர்கிறது என்று சொல்லும், உட்கார்ந்திருக்கும் உடம்பு இல்லை என்று சொல்லும், குமட்டிவிடும். கோடை மழை பெய்து, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்த நேரம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நாங்கள் தள்ளிப் போய்விட்டோம்.

அக்கா மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றியதும், "கண்ண மூடிக்கங்க. எங்க நிக்கறீங்க?" என்றார் மேடம்.

"தோட்டத்துல."

"என்ன தெரியுது?"

"பூ. வெள்ளையா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மண்ணு ஈரமா இருக்குங்க மேடம். பூ வாசம் வருது, மல்லி மாதிரி."

ஹெட்செட்டில் வாசம் கிடையாது. அத்தை வேலை பார்த்த எஸ்டேட்டில் நாங்கள் ஓடித் திரிந்த பங்குனி மாதத்து வாசம் அது. அவளுக்குள் எங்கேயோ இருந்து, சொல்லச் சொல்ல மேலே வந்தது.

குணமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை "படம் நல்லாருக்கு" என்பதோடு சரி. மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இரண்டே சொல்லிக்கொண்டிருந்தவள், சில நாள் நான்கு என்கிறாள். எனக்கு அது பெரிய விஷயம்.

"ஏற்காடு பக்கத்துலயே இருக்கு, இது எதுக்கு?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். அங்கே போகத் தெம்பு வரும்வரைக்கும் என்றேன். ஹெட்செட்டை மாட்டிவிட்டால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உட்கார்ந்து கேட்க, முறை தெரிந்த ஒருவர் வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து எதைப் படம் பிடிக்கலாம் என்று அக்காவையே கேட்கச் சொன்னார் மேடம். "சேர்வராயன் கோயில் திருவிழா" என்றாள். மே மாதக் கூட்டத்தில் ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது என்று மருமகன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.