நெடுவரிசைகள் முன்கூட்டித் தெரியாதபோது: பிவட் வினவலுக்கு நான் தயாரான முறை

தரவுத்தளப் பாடத்தின் செய்முறைத் தேர்விலும், பின்னர் ஓசூரில் சென்ற நேர்காணல்களிலும் ஒரே வினா சொல் மாறி என் முன் வந்தது. வரிசைகளாகச் சேமிக்கப்பட்ட தரவை, அதிலுள்ள மதிப்புகளே நெடுவரிசைத் தலைப்புகளாக நிற்கும்படி திருப்பிக் காட்ட வேண்டும். இப்படித் திருப்புவதே பிவட். எத்தனை தலைப்புகள் வரும் என்பது வினவல் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளை) எழுதும்போது தெரியாது.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி வரத்தைப் போன்று நானே தயாரித்த ஓர் அட்டவணை. அதில் நாள், வட்டம், ரகம், டன் என நான்கே நெடுவரிசைகள். போச்சம்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரை ஆகிய வட்டங்கள் இடப்பக்கத்தில் இறங்க, பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, நீலம் ஆகிய ரகங்கள் மேலே தலைப்புகளாக வர வேண்டும். நூலில் உள்ள ஊழியர் அட்டவணையைவிட இத்தகைய தரவு நல்லது என்பது என் கருத்து. விடை தவறாக வந்தால், கணக்குப் போடாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தொடக்கத்திலேயே மாறும் நெடுவரிசைகளுக்குப் போக வேண்டாம். ரகங்கள் நான்குதான் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சம் (SUM, கூட்டல்), அதனுள் ஒரு கேஸ் (CASE, நிபந்தனை), கடைசியில் வட்டத்தின்மேல் குரூப் பை (GROUP BY, குழுவாக்கல்) என்று கையால் எழுதுங்கள். இந்த வடிவம் பெரும்பாலான தரவுத்தளங்களில் அப்படியே ஓடும். இங்கே நிபந்தனை பொருந்தாதபோது வரும் எல்ஸ் (ELSE) பகுதியில் பூஜ்யம் இடுவது கூட்டுத்தொகைக்குப் பொருந்தும். அதையே எண்ணிக்கை தரும் கவுன்ட்டில் (COUNT) இட்டால் பொருந்தாத வரிசைகளும் எண்ணப்பட்டுவிடும், சராசரியில் இட்டால் விடை இறங்கிவிடும். அந்த இரண்டிலும் எல்ஸ் பகுதியையே விட்டுவிட வேண்டும். தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்வில் விரும்பிக் கேட்பது இதைத்தான்.

அடுத்து, ஏன் ஒரே வினவலில் முடியாது என்ற கேள்வி. ஒரு வினவலின் விடையில் எந்தெந்த நெடுவரிசைகள், எந்தத் தரவு வகையில் வரும் என்பதைத் தரவுத்தளம் அட்டவணையைப் படிக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறது. ரகங்களின் பட்டியலோ தரவைப் படித்த பிறகே கிடைக்கும். ஆகவே முதல் வினவல் பட்டியலைத் திரட்டி இரண்டாம் வினவலின் உரையை உருவாக்க, அந்த உரையைப் பிறகு இயக்க வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தவருக்கு மீதியெல்லாம் தொடரியல் மட்டுமே. பட்டியலைக் கையால் எழுதி வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே பதில்: 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோது, மாவட்டப் பெயர்களைத் தலைப்பாக எழுதி வைத்த எந்த அறிக்கையையும் திருத்தாமல் பயன்படுத்தியிருக்க முடியாது.

மைஎஸ்கியூஎல் (MySQL) தரவுத்தளத்தில், பல வரிசைகளின் உரையை ஒன்றாகக் கோக்கும் குரூப் கான்கேட் (GROUP_CONCAT) மூலம் கேஸ் துண்டுகளைக் காற்புள்ளியிட்டுக் கோத்து, ஒரு மாறியில் வைத்து, உரையை வினவலாகத் தயார் செய்யும் பிரிப்பேர் (PREPARE), அதை ஓட்டும் எக்ஸிகியூட் (EXECUTE) கட்டளைகளால் இயக்குகிறோம். திரும்ப வருவதை நீக்கும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) விடுபட்டால் ஒரே ரகம் பலமுறை வரும்; உள்ளேயே வரிசைப்படுத்தும் ஆர்டர் பை (ORDER BY) இடாவிட்டால் நெடுவரிசைகளின் வரிசைக்கு உறுதி இல்லை. இதைவிடப் பெரிய இடர் நீள வரம்பு. குரூப் கான்கேட்டின் இயல்பான வரம்பு 1024 பைட். அதைத் தாண்டினால் உரை நடுவில் வெட்டப்பட்டு, ஓர் எச்சரிக்கை மட்டுமே வரும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (துணைக்குறி, புள்ளி ஆகியவையும் தனித்தனியே) 3 பைட் எடுப்பதால், "பெங்களூரா" என்ற பெயர் மட்டும் 27 பைட். அது நிபந்தனையில் ஒருமுறையும் தலைப்பில் ஒருமுறையும் வருவதால், கட்டளைச் சொற்களையும் சேர்த்து ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 110 பைட் ஆகிவிடும். அவ்வளவு நீளப் பெயர்கள் பத்து இருந்தாலே வரம்பு போதாது. எனவே அமர்வின் தொடக்கத்திலேயே வரம்பை உயர்த்திவிடுங்கள்.

ரகத்தின் பெயர் இங்கே தரவாக இருப்பதை விட்டுக் கட்டளையின் பகுதியாகிறது. பெயரில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தாலே வினவல் உடையும். தீய நோக்கில் உள்ளிட்ட பெயராக இருந்தால் அதைவிட மோசமும் நேரும். பிரிப்பேரில் கேள்விக்குறி இட்டு மதிப்பைத்தான் தர முடியும், நெடுவரிசைப் பெயரைத் தர இயலாது. ஆகவே நிபந்தனையில் வரும் பெயரை, அதை மேற்கோளுக்குள் பாதுகாப்பாக வைக்கும் கோட் (QUOTE) செயற்கூறு வழியாகவும், தலைப்பில் வரும் பெயரைப் பேக்டிக் (`) குறிகளுக்குள்ளும் அனுப்ப வேண்டும். பெயருக்குள்ளேயே பேக்டிக் இருந்தால் அதை இரட்டிக்க வேண்டும்.

மற்றத் தரவுத்தளங்களில், எஸ்கியூஎல் சர்வரில் 2005 பதிப்பு முதலும், ஆரக்கிளில் 11ஜி பதிப்பு முதலும் பிவட் (PIVOT) என்ற கட்டளையே உண்டு. ஆனால் வழக்கமான வடிவில் இரண்டுமே மதிப்புப் பட்டியலை வெளிப்படையாக எழுதச் சொல்கின்றன. அங்கே குறிப்பிடாத நெடுவரிசைகள் எல்லாவற்றின்மேலும் அந்தக் கட்டளை தானாகக் குழுவாக்கிவிடும் என்பதால், நாள் என்ற நெடுவரிசை உள்ளே நின்றுவிட்டால் ஒரு வட்டம் பல வரிசைகளாகச் சிதறும். தேவையான வட்டம், ரகம், டன் ஆகிய மூன்றை மட்டும் துணை வினவலில் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதே வேலைக்குக் கிராஸ்டேப் (crosstab) என்ற செயற்கூறு இருக்கிறது; அதன் ஒற்றை வினவல் வடிவம் மதிப்புகளை இடமிருந்து வலமாக நிரப்புவதால், செந்தூரா வராத வட்டத்தில் நீலத்தின் எடை செந்தூராவின் கீழே போய் உட்காரும். தலைப்புப் பட்டியலை இரண்டாம் வினவலாகத் தரும் இரண்டு வினவல் வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

தேர்வறையில் உருவான உரையை இயக்கும் முன் ஒருமுறை திரையில் காட்டி, கையால் எழுதிய நிலையான வினவலோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் மல்கோவா என்று ஒரு வரிசையைச் சேர்த்து, கட்டளையைத் தொடாமல் மறுபடி இயக்கிப் பாருங்கள். ரகங்களுக்கான ஐந்தாவது நெடுவரிசை வர வேண்டும்.