ரயில்வே கேட்டில் மாட்டிய காண்டஸா

புதுச்சேரி போகிறவர்கள் மஞ்சள் சுவரையும் கடலையும் படம் எடுப்பார்கள். நான் இந்த ஞாயிறு முழுக்க கார்களைத்தான் எடுத்தேன். எங்கள் பழைய கார் கிளப்பின் வட்ட ஸ்டிக்கரைத் தெரியாத ஊர் ரோட்டில் பார்த்துவிட்டால் எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

கடலூரிலிருந்து என் பழைய பிரீமியர் பத்மினி காரில் நானும் மச்சினனும் கிளம்பினோம். புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. துணி மில் பக்கத்து ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். இன்ஜின் சூடாகிவிடுமோ என்று டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அவன் உலுக்கினான்: "மாமா, அங்க பாருங்க!"

கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் காண்டஸா கார்! நான்கு உருண்டை விளக்குகள், கண்ணாடி மூலையில் நம்ம ஸ்டிக்கர். ரெண்டு தடவை லைட் அடித்தேன், அவரும் அடித்தார். கேட் திறந்ததும் ஓரம் கட்டினோம். முதலியார்பேட்டைக்காரர், ரிட்டயர்டு வாத்தியார். "வாங்க தம்பி" என்றபடி நேராக என் வண்டியின் ஸ்டியரிங்கை ஒட்டியுள்ள கியர் லிவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "புஷ் (லிவர் ஆடாமல் பிடிக்கும் வளையம்) மாத்தினீங்களா? லிவர் ஆடவே இல்லையே!" அந்த ஒரு வார்த்தைக்கே வந்த செலவு சரியாகிவிட்டது. அவர் தன் காண்டஸாவின் பானெட்டைத் திறந்தார். உள்ளே 1.8 லிட்டர் ஜப்பான் இசுசு இன்ஜின், எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. 2002-லேயே காண்டஸா தயாரிப்பு நின்றுவிட்டது. பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக ஊர் ஊராக அலைகிறாராம். இப்படிப்பட்டவர்களால்தான் இந்த வண்டிகள் ரோட்டில் இருக்கின்றன.

மதியம் மீன் சாப்பாடு, சுமார். மஞ்சள் சுவர் ஏரியாவான ஒயிட் டவுனில் பார்க்கிங்தான் கொள்ளை! ரசீது கிடையாது, கையை நீட்டி நூறு ரூபாய் கேட்கிறார் ஒருவர். சண்டை போட்டு ஐம்பதில் முடித்தேன். அதுவே அநியாயம். ரசீது இல்லாமல் யாரும் கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் கார்கள் எல்லாம் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி ஓரங்களில் ஒதுங்கும். கார் தேடுகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். அங்கேதான் சிவப்பு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கிடைத்தது. நம் மெட்ராஸில் செய்த வண்டி! பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதிலும் நம்ம ஸ்டிக்கர். ஓனரைக் காணோம், வைப்பரில் சீட்டு எழுதிச் செருகிவிட்டு வந்தோம்.

கடலூர் திரும்பும்போது எல்லையான முள்ளோடைக்கு முன்பே, புதுச்சேரி பக்கமே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், தமிழ்நாட்டைவிட பெட்ரோல் மலிவு. வாத்தியார் அடுத்த மாதம் எங்கள் கடலூர் சில்வர் பீச் வருகிறாராம். கடலூர் ஆட்கள் காண்டஸா பின்விளக்குக் கண்ணாடி எங்காவது கிடக்கிறதா என்று அதற்குள் விசாரித்து வையுங்கள்.