காப்பீட்டுத் தாளில் என் பெயர்

ஊரில் எனக்கு வீசிங் வந்தால் அப்பா ஆட்டோ பிடித்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். ஓ.பி. சீட்டு, நெபுலைசர், நாலு மாத்திரை. கூட்டம் நெரியும், ஆனால் காசு என்ற பேச்சே வராது. 2016இல், வீட்டுக்காரரின் வேலையை ஒட்டிக் குடும்பத்துக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில் சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டுக்கு வந்தபோதும் அரசு மருத்துவமனை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வந்த ஐந்தாம் மாதம், நடுராத்திரியில் மூச்சுத் திணறல். மூன்று நாள் படுக்கையில் இருந்தேன். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசி நாள் பில் வந்தது, நாலாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். பக்கத்துக் கட்டில் பாட்டியின் பில்லில் அரசு மானியம் என்று ஒரு வரி இருந்தது. மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் அந்த வரியிலேயே கழிந்திருந்தது. என் பில்லில் அந்த வரியே இல்லை. மானியம் குடிமக்களுக்கு, அதைவிடக் குறைவாக நிரந்தரவாசிகளுக்கு. பாஸில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

கம்பெனிக் காப்பீடு என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற குறைந்த, நடுத்தரச் சம்பள அனுமதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கு முதலாளி காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு எடுக்க வேண்டும். உயர் சம்பளக்காரர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குடும்பத்துக்கும் இல்லை.

சரி, தனியாரிடம் வாங்குவோம் என்று விண்ணப்பித்தோம். ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டத்தில் ஆஸ்துமா என்று உண்மையைத்தான் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: மூச்சுக்குழாய், நுரையீரல் தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் பணம் தர மாட்டார்கள். எனக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பிரிமியம் கட்டச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2019இல் நிரந்தரவாசம் கிடைத்தது. அப்புறம் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் கடிதம் வந்தது. விண்ணப்பிக்கவே இல்லை, தானாகச் சேர்த்துவிட்டார்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் ஆயுள் முழுக்க, முன்பே இருந்த நோய்க்கும் சேர்த்து, 2015இல் தொடங்கிய திட்டம் இது. கடுமையான நோய் உள்ளவர்கள் பத்து ஆண்டுக்கு 30 விழுக்காடு பிரிமியம் கூடுதலாகக் கட்ட வேண்டும், ஆனால் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. பிரிமியம் இவருடைய மெடிசேவ் கணக்கிலிருந்தே, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மருத்துவச் சேமிப்பிலிருந்தே போகிறது. அந்தக் கடிதத்தில் என் பெயரைப் பார்த்து அழுதேன்.

அரசுக் காப்பீடுதான் நல்லது என்றால் எதிர் வீட்டு அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் மெடிஷீல்டோடு சேர்த்துத் தனியார் நிறுவனம் விற்கும் ஒருங்கிணைந்த திட்டத்தோடு, கையிலிருந்து கட்ட வேண்டியதைக் குறைக்கும் கூடுதல் காப்பீடான ரைடரும் வைத்திருக்கிறார். "அரசாங்க பாலிகிளினிக்ல காத்துக் கிடக்கணும்மா. எனக்கு வேணுங்கிற டாக்டர நானே பார்க்கணும்" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. மறுபடி படுத்தபோது எனக்குக் கிடைத்தது மானியம் உள்ள பி2 வார்டு, ஏசி இல்லை, மின்விசிறிதான். காப்பீடு தொடங்கும் வரம்பு வரை கைக்காசும் மெடிசேவும்தான் போயின. ஆனால் அக்காவின் பிரிமியம் வயது கூடக் கூட ஏறுகிறது. முழுப் பில்லையும் காப்பீடே கட்டினால் வேண்டாத சோதனைகள் பெருகும் என்று, புதிய ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடாவது கட்ட வேண்டும் என 2018இல் அரசு அறிவித்தது. பணம் உள்ளவர் தனி அறை வாங்கிக்கொள்ளட்டும். வியாதிக்காரரையும் விடாமல் சேர்த்துக்கொள்ளும் அடித்தளத்தை அரசுதான் போட முடியும். லாபத்துக்கு நடத்துகிறவர் என்னை ஏன் சேர்ப்பார்?

போன வாரம் எங்கள் புளோக்குக்குத் தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், டிபெண்டன்ட் பாஸில். வீட்டுக்காரரின் காப்பீட்டுத் தாளைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு பேரும் வரிவரியாகப் பார்த்தோம். அவள் பெயரும் இல்லை, குழந்தை பெயரும் இல்லை. திங்கட்கிழமையே கம்பெனியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.