ஆறடி இல்லாத டீம்

இந்த வருஷம் எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து டீமில் ஆறடி உயரத்தில் ஒருத்தி கூட இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக போஸ்ட்டில், அதாவது ரிங்குக்குப் பக்கத்து இடத்தில், நின்ற பெண் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். ரிங்குக்குக் கீழே அவள் கையைத் தூக்கினால் போதும், பந்தை மேலே போட்டுவிட்டு மற்ற நால்வரும் நிம்மதியாக இருப்பார்கள். இப்போது இருக்கிறவர்களில் உயரமானவளே ஐந்தடி எட்டங்குலம். அவளும் ராஜபாளையத்தில் பள்ளி டீமில் கார்டாக, அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுவருகிறவளாக, ஆடியவள். ரிங்குக்கு முதுகைக் காட்டி, ஒருத்தியை இடுப்பால் தள்ளி இடம் பிடிப்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமே இல்லை.

நான் கோவையில் இதே கல்லூரிக்குத் தொண்ணூறுகளில் ஆடினேன். இப்போது வங்கி வேலை. வீடு மைதானத்துக்கு நடக்கிற தூரத்தில்தான். மே மாதம் கோடைப் பயிற்சி ஆரம்பித்ததும் காலை நடையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். நடப்பது கொஞ்சம், கேலரியில் உட்காருவது நிறைய. கோச் எனக்கு ஜூனியர், நான் கொடுக்கும் பாஸில் ஓடிவந்து, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து லே-அப் போட்டுப் பழகியவள். அதனால் யாரும் என்னை எழுந்து போகச் சொல்வதில்லை.

கத்திரி வெயிலுக்கு பயந்து விடியும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். எட்டு மணிக்கு மேல் சிமென்ட் கோர்ட்டில் ஷூவோடு நின்றாலும் உள்ளங்கால் சுடும். முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை பெய்திருந்தால் முதல் வேலை தண்ணீர் தள்ளுவது. கோணிச்சாக்கை விரித்து, ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதையே வார்ம்-அப் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள் கோச். முதல் வாரம் முழுக்க ஓட்டமும் தண்டாலும்தான், சொல்ல ஒன்றுமில்லை. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் எல்லாம் எப்படி ஓடுவார்களோ அப்படித்தான் ஓடினார்கள்.

பந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் சுவாரஸ்யம். எல்லோரும் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். எங்கள் காலத்தில் அந்தக் கோடு 6.25 மீட்டர். 2010-ல் 6.75 ஆக்கிவிட்டார்கள். அரை மீட்டர் தள்ளிப்போன கோட்டிலிருந்து இந்தப் பெண்கள் அலட்டிக்கொள்ளாமல் போடுகிறார்கள். பந்தும் ஒரு காரணம். நாங்கள் ஆண்கள் ஆடுகிற அதே 7-ம் நம்பர் பந்தைத்தான் தூக்கிப் போட்டோம். பெண்களுக்கான 6-ம் நம்பர் பந்து அப்புறம்தான் வந்தது. அது சின்னது, எடையும் குறைவு. ஆனால் பந்தை மட்டும் சொன்னால் பெண்களுக்கு நியாயம் செய்ததாகாது. மணிக்கட்டு நன்றாக வேலை செய்கிறது. பெரியகுளத்திலிருந்து வந்திருக்கிற இரண்டாம் வருஷப் பெண்ணின் ஷாட் ரிங்கைத் தொடாமலே வலைக்குள் இறங்குகிறது.

குறை வேறு இடத்தில். பின்னால் ஓரடி வைத்துப் போடும் ஸ்டெப்-பேக் போடத் தெரிகிறது, இடது கையில் லே-அப் போடத் தெரியவில்லை. பல்லவியைப் பாடாமல் நேராக ஸ்வரம் போட ஆரம்பித்த மாதிரி. எல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. இடது பக்கம் டிரைவ் பண்ணச் சொன்னால் கடைசி நேரத்தில் பந்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, போர்டுக்குப் பின்னாலேயே போய்விடுகிறார்கள். கோச் ஒரு நாள் முழுக்க வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஆடச் சொன்னாள். நல்ல காரியம் செய்தாள்.

இன்னொன்று, என் வயசுக்காரர்களுக்குக் கண்ணை உறுத்தும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வரும் டிரிபிளை முடித்து, கையில் எடுக்கும்போது ஒரு அடி, அப்புறம் ரெண்டு அடி. அந்த முதல் அடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2017-ல் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா விதியை மாற்றிவிட்டது. புத்தகப்படி சரிதான். கேலரியில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் "ட்ராவலிங்!" என்று, கூடுதல் அடி வைத்த தப்புக்கு, சத்தம் போடுகிறார். கோர்ட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, இந்த டீமின் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். உயரம் இல்லாததைக் கூட சமாளித்துவிடலாம். இவர்கள் பேசமாட்டேன் என்கிறார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் பேசுவதை நிறுத்த முடியாது, கோர்ட்டுக்குள் வந்தால் கப்சிப்.

டிஃபென்ஸ் என்பது பாதி கால், பாதி வாய். ஆடியவர்களுக்குத் தெரியும், ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பந்து வைத்திருப்பவளைப் பார்த்தபடி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிறேன். என் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரி ஒருத்தி அசையாமல் வந்து நிற்கிறாள். அதுதான் ஸ்க்ரீன். எனக்குத் தெரியாது, என் முதுகில் கண் இல்லை. பின்னால் இருக்கிற என் டீம்காரிதான் "லெஃப்ட்!" என்று கத்த வேண்டும். கத்தினால் ஒரு தோளைத் திருப்பி நழுவிவிடலாம். கத்தாவிட்டால் தாடை பெயரும். உயரமான ஆள் பின்னால் காவலுக்கு நின்றால் வாய் மூடியே ஆடலாம், மற்றவர்கள் தப்பை அவள் சமாளித்துவிடுவாள். மூன்று வருஷம் அப்படித்தான் ஓட்டினார்கள்.

இதைப் பழக்க ஷெல் டிரில் என்று ஒன்று உண்டு. நாலு பேர் வெளியே நின்று பந்தைச் சுற்றிச் சுற்றிப் பாஸ் கொடுப்பார்கள், நாலு பேர் உள்ளே தடுப்பார்கள். பந்து ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் உள்ளே இருக்கிற நால்வரும் இடம் மாற வேண்டும். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவள் "பால், பால்" என்றும், அடுத்தவள் "ஹெல்ப்" என்றும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்த்த முதல் ஷெல் டிரில்லில் ஷூ தேய்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பரீட்சை ஹால் தோற்றது.

கோச் விசிலை ஊதி, வாயைத் திறக்காதவள் ஒருத்தி இருந்தாலும் மொத்த டீமும் லைன்-டு-லைன் ஓட வேண்டும் என்றாள். ஓடினார்கள். அப்புறம் சத்தம் வந்தது, ஆனால் வேறு சிக்கல். ஸ்க்ரீன் ஒன்று வருவதைப் பார்த்த முதல் வருஷப் பெண் முன்னால் இருந்த மூன்றாம் வருஷப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தாள்: "அக்கா... அக்கா, லெஃப்ட்ல வராங்க்கா..." வாக்கியம் முடிவதற்குள் அக்கா போய் மோதி உட்கார்ந்துவிட்டாள். பந்து வைத்திருந்தவள் லே-அப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, நீ மரியாதை குடுத்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு பாயின்ட் போச்சு. இன்னைக்கிருந்து கோர்ட்டுக்குள்ள அக்கா கிடையாது. லெஃப்ட், ரைட், சுவிட்ச், அவ்வளவுதான். கூப்பிடணும்னா ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

சுவிட்ச் என்றால் தடுக்கிற ஆளை ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்வது. சொன்ன கையோடு கோச் கேலரிப் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களே சொல்லுங்க்கா" என்றாள். அது கோட்டுக்கு வெளியே என்பதால் செல்லும் என்று நினைக்கிறேன்.

விதி போடுவது சுலபம். ஹாஸ்டலில் சீனியருக்கு முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகவே யோசிக்கிற பிள்ளைகள் அவர்கள். காலை ஆறு மணிக்குத் திடீரென்று "ஏய் ராஜபாளையம், சுவிட்ச்!" என்று கத்து என்றால் வாய் வருமா? சீனியர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணுக்கு முகமே சுண்டிவிட்டது. கேப்டன்தான் காப்பாற்றினாள். தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் முதல் வருஷப் பெண்களிடம் போய், "எம் பேரைச் சொல்லிக் கத்துங்கடி பாக்கலாம்" என்று ஒவ்வொருத்தியையும் கத்த வைத்தாள். முதல் ரெண்டு பேர் சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டார்கள். மூன்றாவதாக நின்றவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்காய் எல்லாம் எழும்பிவிட்டன.

அந்த மூன்றாவது பெண் சோமனூர்க்காரி. அஞ்சடி ரெண்டங்குலம் இருந்தால் அதிகம். ஷாட் சுமார், வேகம் பரவாயில்லை. விசைத்தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள், அங்கே கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே காது கேட்கும். ட்ரையல்ஸில் கடைசி இடத்தில் எடுத்த பெண் என்று கோச்சே சொன்னாள். ஆனால் அவள் உள்ளே நிற்கிற பக்கம் டிஃபென்ஸ் ஒழுங்காக நகர்கிறது. அவள் இருக்கிற நால்வர் அணியையும் இல்லாத நால்வர் அணியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பந்து எங்கே, ஸ்க்ரீன் எங்கே, யார் உள்ளே பாய்கிறாள் என்று வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தப்பாகவும் சொல்கிறாள், ரைட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் லெஃப்ட். அதற்கும் கோச் திட்டுவதில்லை.

உயரத்துக்குக் கோச் வைத்திருக்கிற மாற்று, முழு கோர்ட் பிரஸ். எதிரணி பந்தை உள்ளே போட்ட இடத்திலிருந்தே ரெண்டு பேர் வழிமறிப்பது, பின்னால் ரெண்டு பேர், கடைசியில் ஒருத்தி. நாங்கள் ஆடும்போது நடுக்கோட்டைத் தாண்டப் பத்து வினாடி, ஷாட் போட முப்பது வினாடி கொடுப்பார்கள், இருபது இருபது நிமிஷமாக ரெண்டு பாதி. 2000-த்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள்: நாலு குவார்ட்டர், நடுக்கோட்டுக்கு 8 வினாடி, ஷாட்டுக்கு 24. பிரஸ் போடுகிற டீமுக்கு அது லாபம். பந்தைப் பறிக்க முடியாவிட்டாலும் எதிராளியை ஏழு வினாடி திணற வைத்தால் போதும், அவர்கள் உயரமான பெண்ணை உள்ளே கொண்டுவந்து நிறுத்திப் பந்தைக் கொடுக்க மிச்சம் பதினேழுதான். கணக்கு அழகாக இருக்கிறது. இந்த ஆட்டம் ஆட ஐந்து பேர் போதாது, பத்து பேர் மாறி மாறி ஓட வேண்டும். ஓடுகிற மூச்சை மே, ஜூனில்தான் சேர்க்க முடியும், காலேஜ் திறந்துவிட்டால் இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு என்று பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

எனக்கு இருக்கிற பயம் ரிபவுண்ட். எதிரணி ஷாட் ரிங்கில் பட்டுத் தவறி, பந்து திரும்ப அவர்கள் கைக்கே போனால் புதிதாக 14 வினாடி கிடைக்கும். ஓடி ஓடிப் பிரஸ் போட்டு, திணற வைத்து, தவற வைத்து, கடைசியில் உயரமானவள் நின்ற இடத்தில் எட்டி எடுத்துத் திரும்பப் போட்டால் வயிறு எரியும். இதற்காக நடுவட்டத்தில் ஒரு பந்தை வைத்துவிட்டு ஒரு பயிற்சி நடக்கிறது. உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. விசில் அடித்ததும் வெளியே இருப்பவள் பந்தைத் தொட வேண்டும், உள்ளே இருப்பவள் முதுகாலும் தொடையாலும் அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். பந்தைப் பார்க்காதே, ஆளைத் தேடு என்பதுதான் பாடம். ராஜபாளையத்துப் பெண் முதல் நாள் திரும்பித் திரும்பிப் பந்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள். நேற்று இடுப்பைத் தாழ்த்தி, காலை அகட்டி, ஆளைத் தொட்டுத் தெரிந்துகொண்டு நின்றாள். முட்டி ரெண்டும் சிராய்ப்பு. ஆனாலும் நல்ல போஸ்ட் ஒருத்தி வைத்திருக்கிற சென்னை டீமோடு மோதினால் இது எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்கு சந்தேகம்தான்.

வ.உ.சி. பூங்கா மைதானத்தில் ஆண்களுக்கான நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பையும் நடக்கும் நாட்களில் கோச் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், டீம் பெஞ்ச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து ரயில்வே டீம்காரர்கள் என்ன கத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரயில்வே என்றதும் ஞாபகம் வருகிறது. காலையில் மகளை வண்டியில் கொண்டுவந்து விடும் ஒரு அப்பா என்னையும் கோச் என்று நினைத்து, "ஏனுங் மேடம், நல்லா ஆடுனா ரயில்வேல எடுத்துக்குவாங்ளா?" என்று கேட்டார். அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டு இந்திய டீமுக்குக் கேப்டனாக ஆடியதையும், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொன்னேன். பத்மஸ்ரீ பக்கம் அவர் போகவே இல்லை. வேலை நிரந்தரமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிப் பையன்களோடு பிராக்டீஸ் மேட்ச். ஆரம்ப ஐவர் யார் என்று கோச்சிடம் கேட்டேன். கேப்டன், பெரியகுளம், ராஜபாளையம், மூன்றாம் வருஷத்தில் ரெண்டு பேர் என்றாள். சோமனூர்க்காரி எங்கே என்றேன். "அவளுக்கு ஷாட் இல்லைங்க்கா, அவளைத் தடுக்காம விட்டுட்டு நம்ம வேற ஆளை ரெண்டு பேராச் சேந்து மறிச்சிருவாங்க" என்றாள். அது நியாயமான பயம்தான். ஆனாலும் ஜூலை முடிவதற்குள் அந்தப் பெண் ஆரம்ப ஐவரில் இருப்பாள் என்பது என் கணக்கு. ஒரு ஃபில்டர் காபி பந்தயம் கட்டியிருக்கிறோம், காசு தோற்றவர் கொடுக்க வேண்டும்.