பிரேக் மிதிச்சா மட்டும் வேகமா அடிக்குற இண்டிகேட்டர்

கிருஷ்ணகிரில ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். செல்ஃப் எடுக்கலன்னா வண்டி நகராது அதனால ஓடி வருவாங்க, ஏசி வேலை செய்யலன்னா வீட்ல சத்தம் போடுவாங்க அதனால வருவாங்க, இண்டிகேட்டர் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு மாசக்கணக்கா தள்ளிப் போடற வேலை. எனக்கு அந்த வேலை மேல தனி மரியாதை உண்டு. சென்னை ரோடு, சேலம் ரோடு, பெங்களூர் ரோடு எல்லாம் நம்ம ஊர்ல தான் வந்து சேருது, ராத்திரி பகல்னு பாக்காம லாரி ஓடிட்டே இருக்கு, நமக்குப் பின்னாடி வர்ற டிரைவருக்கு நாம யாருன்னே தெரியாது, நாம இப்ப இடது பக்கம் ஒதுங்கப் போறோம்னு அவருக்குத் தெரியறதுக்கு அந்த மஞ்ச லைட்ட விட்டா வேற வழியே இல்ல.

வர்றவங்கள்ல நெறைய பேரு காரணத்தையும் அவங்களே சொல்லிடுவாங்க. "டிக் டிக்னு வேகமா அடிக்குது, ஃப்ளாஷர் போயிடுச்சு, மாத்திடுங்க." ஃப்ளாஷர்னா இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கற சின்ன ரிலே. உண்மையில அப்படி வேகமா அடிக்கும்போது அது பெரும்பாலும் நல்லாத் தான் இருக்கும், அது அதோட வேலையத் தான் செய்யுது. முன்னாடி ஒரு 21 வாட் பல்ப், பின்னாடி ஒரு 21 வாட், முன் சக்கரத்துக்கு மேல ஃபெண்டர்ல சின்னதா ஒரு 5 வாட், இது தான் பழைய கார்கள்ல ஒரு பக்கத்து கணக்கு. ஒரு 21 வாட் பல்ப் சுமாரா ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் உள்ள எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும், ஒரு 21 வாட் பல்ப் ஃபியூஸ் ஆகி கரண்ட் குறைஞ்சா உடனே வேகத்த ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆக்கிடும். சாதாரணமா நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள அடிக்கணும், அதத் தாண்டிப் போச்சுன்னா "எங்கயோ ஒரு லைட் எரியல, எறங்கிப் பாரு"ன்னு வண்டியே டிரைவர்கிட்ட சொல்லுதுன்னு அர்த்தம். உக்காந்திருக்கிற ஆளால பின்னாடி லைட்டப் பாக்க முடியாதுல்ல, அதுக்குத் தான் இந்த ஏற்பாடு.

காவேரிப்பட்டினம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு, மாங்கா வியாபாரம், பழைய டீசல் கார். இடது இண்டிகேட்டர் வேகமா அடிக்குதுன்னு ஏற்கனவே வேற எடத்துல காட்டி ஃப்ளாஷர் மாத்தியாச்சு, நாலு பல்பும் புதுசு, அடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற, இண்டிகேட்டர் லிவர் சேந்த காம்பினேஷன் ஸ்விட்ச் மாத்தணும்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு ஆகுற காசக் கேட்டுட்டு இங்க வந்திருக்காரு. நான் கடையில நிறுத்தி இடது பக்கம் போட்டேன், அழகா அடிக்குது. நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா அடிக்க வைக்கற ஹஸார்ட் போட்டேன், நாலும் எரியுது. லிவர ஆட்டிப் பாத்தேன், ஃபியூஸ் பாக்ஸத் தட்டிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல.

"இங்க நல்லாத் தான் தம்பி அடிக்கும், ரோட்டுல போனாத் தான் கோளாறு பண்ணும்"ன்னாரு.

"சரிங்கய்யா, நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்"னு சொல்லி டேம் ரோட்டுல போனோம். இடது பக்கம் திரும்பறதுக்கு இண்டிகேட்டர் போட்டாரு, நிதானமா அடிச்சுது. வளைவு கிட்ட வந்ததும் பிரேக்ல கால் வச்சாரு, டிக்டிக்டிக்னு பறந்துச்சு. கால எடுத்தாரு, பழையபடி நிதானம். அவரு அத கவனிச்சதே இல்ல, ஏன்னா திரும்பும்போது பிரேக் மிதிக்கறது நம்ம யாருக்கும் தனியா ஞாபகத்துல நிக்காது. கடையில நிறுத்திப் பாக்கற மெக்கானிக் பிரேக் மிதிக்க மாட்டாரு. அதனால தான் கடையில நல்லா இருக்கு, ரோட்டுல கெட்டுப் போகுது.

இது தெரிஞ்சுட்டா மிச்சம் கணக்கு தான். பின்னாடி லைட் செட்டுல இண்டிகேட்டர், பிரேக், பார்க்கிங் எல்லாத்துக்கும் சேத்து கரண்ட் திரும்பிப் போக பாடிக்கு ஒரே ஒரு எர்த் ஒயர். அந்த எர்த் துருப்பிடிச்சு இறுகாம இருந்தா இண்டிகேட்டர் மட்டும் எரியும்போது எப்படியோ சமாளிச்சுடும், பிரேக் பல்பும் சேந்து 21 வாட் கரண்ட்ட அதே மோசமான கனெக்ஷன் வழியா தள்ளும்போது முடியாது, இண்டிகேட்டருக்குக் கெடைக்கற வோல்ட் இறங்கிடும், கரண்ட் குறையும், ஃப்ளாஷர் பல்ப் போயிடுச்சுன்னு நெனச்சு வேகமா அடிக்கும். எர்த் சுத்தமா விட்டுப் போயிருந்தா இன்னும் விசித்திரமா இருக்கும், கரண்ட் திரும்பிப் போக வழி தேடி பிரேக் பல்ப் இழை வழியா பின்னோக்கிப் பாஞ்சு, இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட் மங்கலா துடிக்கும். இதப் பாத்து ஒயரிங் முழுக்க எரிஞ்சுடுச்சுன்னு பயந்து போய் ஆயிரக்கணக்குல செலவு பண்ணவங்களப் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

பல்ப கழட்டிட்டு ஹோல்டர்ல மல்டிமீட்டர் வச்சு வோல்ட் பாத்தா 12 காட்டும், எர்த் நல்லா இருக்குன்னு தோணும். மீட்டர் இழுக்கற கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடையாது, அதனால எவ்வளவு மோசமான கனெக்ஷன்லயும் முழு வோல்ட் காட்டும். வேலை வாங்கிப் பாத்தாத் தான் தெரியும். நான் என் கடைப் பசங்களுக்கு முதல்ல குடுக்கறது 21 வாட் பல்புல ரெண்டு ஒயர் வச்சு செஞ்ச டெஸ்ட் லேம்ப் தான், மீட்டர் அப்புறம். அந்தப் பெரியவர் வண்டில பல்ப மாட்டி, பிரேக் மிதிக்க ஒரு பையன உக்கார வச்சு, இண்டிகேட்டரும் போட்டு, லைட் செட் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வச்சேன். ஏறக்குறைய 4 வோல்ட் காட்டுச்சு. அங்க கால் வோல்ட் கூட வரக்கூடாது.

டிக்கி கார்ப்பெட்ட தூக்கினா அடியில ஈரம். இடது பக்க லைட்டுக்குப் பின்னாடி எர்த் போல்ட்டு, பச்சையும் சிவப்பும் கலந்து பூத்துப் போய் இருந்துச்சு. சீசன்ல டிக்கில மாங்கா கிரேட் ஏத்துவாராம், பழுத்ததுல இருந்து சாறு ஒழுகி நாத்தம் அடிக்கும், சீசன் முடிஞ்சதும் பைப் போட்டு டிக்கியக் கழுவி விடுவாராம். நம்ம பக்கம் மாம்பழ வண்டிகள்ல இது நெறைய பாக்கலாம். போல்ட்ட கழட்டி, ஒயர் முனையில இருக்கிற லக்கையும் பாடியையும் உப்புத்தாள் போட்டு பளபளன்னு தகரம் தெரியற வரைக்கும் தேச்சு, பல்லு வாஷர் போட்டு இறுக்கி, மேல கிரீஸ் தடவினேன். தண்ணி உள்ள வராம தடுக்கற லைட் கேஸ்கெட்டும் செத்துப் போயிருந்துச்சு, அத மாத்தினேன். திரும்ப அளந்தா மீட்டர் ஏறவே இல்ல.

அப்புறம் தான் கஷ்டமான பகுதி, காசு. கேஸ்கெட்ட விட்டா மாத்தின பொருளே இல்ல. ஒரு ஸ்விட்ச் மாத்தி பில் குடுத்தா கேள்வி கேக்காம குடுக்கறவங்க, தேடிக் கண்டுபிடிச்சதுக்கு கூலி கேட்டா "ஒரு போல்ட்டத் தேச்சதுக்கா?"ன்னு கேப்பாங்க. பாகம் மாத்தியே பொழைக்கற கடைங்க ஏன் இவ்வளவு இருக்குன்னா இதுவும் ஒரு காரணம், மெக்கானிக்க மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அந்தப் பெரியவர் பேரம் பேசாம குடுத்தாரு, நான் தேடறத பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, அதனால தான்னு நெனைக்கறேன். அதுல இருந்து இந்த மாதிரி வேலைக்கு கஸ்டமர பக்கத்துல நிக்கச் சொல்லிடறேன், மீட்டர்ல என்ன காட்டுதுன்னு அவங்களையே படிக்கச் சொல்றேன்.

இப்ப புதுசா ஒரு வகை கோரிக்கை வருது, எனக்கு அது பிடிக்கவே இல்ல. எல்இடி பல்ப் வாங்கி மாட்டிட்டு வருவாங்க, எல்இடி இழுக்கற கரண்ட் ரொம்ப கம்மி, அதனால ஃப்ளாஷர் வேகமா அடிக்கும், "அந்த சத்தத்த மட்டும் நிறுத்துங்க"ம்பாங்க. வேகம் மாறாத ஃப்ளாஷர் ரிலே கெடைக்குது, போட்டா அமைதியாயிடும். ஆனா நாளைக்கு பின்னாடி லைட் எரியாமப் போனா வண்டி சொல்லாது, சேலம் ரோட்டுல தொப்பூர் மலை எறக்கத்துல பின்னாடி லாரி வரும்போது நாம லைட் எரியுதுன்னு நம்பிக்கிட்டு லேன் மாறுவோம். கூடுதலா கரண்ட் இழுக்கறதுக்கு ரெசிஸ்டர் போட்டு சரி பண்றதும் உண்டு, அது தொட முடியாத அளவுக்கு சூடாகும், பிளாஸ்டிக் மேலயோ ஒயர் மேலயோ கட்டிட்டா உருகிடும், தகரத்துல தான் திருகணும். நான் முதல்ல சொல்றது பழைய பல்பையே போட்டுக்கங்கன்னு தான். ரிலே தான் வேணும்னா வாரம் ஒருக்கா எறங்கி வண்டியச் சுத்திப் பாக்கறேன்னு சொல்ல வச்சுட்டுத் தான் மாட்டுவேன்.

தொப்பூர்னு சொன்னதும் இன்னொண்ணு. மழைலயும் எறக்கத்துலயும் ஹஸார்ட் போட்டுக்கிட்டே ஓட்டறாங்க, அப்ப இடது வலது லிவர போட்டாலும் பெரும்பாலான வண்டில பின்னாடி வர்றவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, நாலும் சேந்து தான் அடிக்கும். ஹஸார்ட் நின்னுட்ட வண்டிக்கு. ஓடும்போது ஹெட்லைட் போதும்.

வீட்லயே பாக்கணும்னா ராத்திரி சுவத்துக்குப் பின்பக்கத்தக் காட்டி நிறுத்துங்க. பார்க்கிங் லைட் போடுங்க, ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லுங்க, இடது இண்டிகேட்டர் போட்டு சுவத்த பாருங்க, அப்புறம் வலது. மஞ்சளோட சேந்து சிவப்பும் துடிச்சாலோ, பிரேக் மிதிச்சதும் வேகம் மாறினாலோ, ஃப்ளாஷரத் தொடாதீங்க, அந்தப் பக்கத்து டிக்கி கார்ப்பெட்ட தூக்குங்க.