ஆறு கட்டுரைகள் போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், 150 மாணவரை எட்டாத தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்குத் மாணவர் பற்றிய தம் மதிப்பீட்டை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை. இதற்கு மூன்று பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் சேர்ந்தால் போதும். ஐந்தானால் சந்திக்கத் தேதியே பொருந்தாது.

முதல் சந்திப்பில் பள்ளியைச் சுற்றிக் காட்டாதீர்கள். தேநீர், மாலை, குழுப்படம் என்று பொழுது போய்விடும். நான்காம் ஆண்டு மாணவர் கட்டுரைகள் ஆறை எடுத்து, பெயரை மறைத்து, மூவரும் தனித்தனியே அடைவுநிலை 1 (மிகத் தாழ்வு) முதல் 6 (மிக உயர்வு) வரை இடுங்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 3, இன்னொருவர் 5 போட்டிருந்தால் பேச்சை அங்கே தொடங்குங்கள். ஆதாரம் தாளில் இருக்க வேண்டும். ‘நல்ல பையன்’ என்பது ஆதாரமல்ல.

அடுத்த மாதம் வகுப்புப் பார்வை: ஓர் ஆசிரியரின் பாடத்தை 30 நிமிடம் பார்த்து, ஒரே கேள்விக்கு மட்டும் குறிப்பெடுங்கள். அந்தக் குறிப்பை ஆசிரியரின் மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்தால், அடுத்த முறை ஒத்திகை பார்த்த பாடந்தான் கிடைக்கும்.