கயிறு கையைப் பறித்தால்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் புல் முழங்கால் வரை நிற்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். அதனால் தையிலும் மாசியிலும் இணுவிலில் இருக்கும் என் கராஜுக்குத் தண்ணீர் பம்பை விடப் புல்லு வெட்டும் மெசின்தான் கூடுதலாக வரும்.

2023 தை மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அப்படி ஒன்று வந்தது. மைதானம் பார்க்கும் ஐயா ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தள்ளிக்கொண்டு போகும் மெசின், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கயிற்றை இழுத்தேன். ஸ்ரார்ட் ஆனது. ஆனால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு வாங்குவதுபோல் வந்தது. சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். சத்தம் சீரானது. சிறிய எஞ்சினில் இதை விட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. சோக் காற்றைக் குறைக்கிறது. காற்றைக் குறைத்தால் சீராகிறது என்றால், உள்ளே போகும் கலவையில் பெற்றோல் போதவில்லை. வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர், வேகம் விழுந்ததும் கலவையை உள்ளே விடும் திரொட்டிலைத் திறக்கும், வேகம் ஏறியதும் மூடும். அந்த இழுபறிதான் நம் காதுக்கு ஏறி இறங்கும் சத்தமாகக் கேட்கிறது.

தாங்கியின் மூடியைத் திறந்தால் வார்னிஷ் மணம். அதற்கு முதல் வருடத் தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் நின்று வாங்கிக் கானில் பத்திரப்படுத்தியதை மாதக்கணக்கில் வைத்து ஊற்றியிருக்கிறார்கள். அந்த நாட்களின் பயம் எல்லோருக்கும் இருந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் மண்ணிறப் பசை. பெற்றோலை அளந்து விடும் ஜெற்றின் கண் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் கண் பெருத்துவிடும். அதனால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தேன். எயார் பில்டரில் அப்பியிருந்த செம்மண்ணைத் தட்டினேன். புதுப் பெற்றோல் விட்டேன். ஏறி இறங்கும் சத்தம் போய்விட்டது. ஐயா சந்தோஷமாகக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

"நிண்டு வேலை செய்யுதில்லைத் தம்பி. புல்லுக்குள்ளை விட்டால் படபடெண்டு அடிக்குது. கயிறு இழுக்கேக்கை கையைப் பறிக்குது."

அவர் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் காதில் வாங்கினேன். மறுபடியும் காபரேட்டரைக் கழற்றினேன். பொறி கொடுக்கும் பிளக்கை மாற்றி, அதன் முனை இடைவெளியை 0.75 மில்லிமீற்றரில் வைத்தேன். காபரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் கிளீனரைப் பீச்சி, வேகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறினால் அங்கே காற்று உள்ளே இழுபடுகிறது என்று பொருள். மாறவில்லை. தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியும் பார்த்தேன். அதுவும் இல்லை. கராஜில் வைத்து ஓடவிட்டபோது ஓரளவு நன்றாகவே ஓடியது. கொடுத்து அனுப்பினேன். இரண்டே நாளில் மறுபடியும் வந்தது.

என் கை ஏன் திரும்பத் திரும்பக் காபரேட்டருக்கே போனது என்று பிறகு நிறைய யோசித்தேன். நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் போத்தல் கணக்கில், தங்கம் மாதிரி விற்ற காலம். மோட்டார் சைக்கிள், தோட்டத்துப் பம்ப், கார் எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பிளக்கில் கரி பிடிக்கும். எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! ஒயில் குச்சியை மோந்து பார்க்கத்தான் எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணை முதலில் பழக்கினார். பத்து எஞ்சின் வந்தால் ஒன்பதுக்குக் கரியும் எரிபொருளும்தான் காரணம். அந்த வருடங்கள் என் கைக்கு ஒரு வழியைக் காட்டிவிட்டன. அந்த வழி எத்தனையோ தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய வைத்தது. அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் தண்ணீர் பம்புக்குக் கத்தி இல்லை.

மூன்றாம் முறை ஐயா வந்தபோது கராஜில் வேறு யாரும் இல்லை. கயிற்றை அவரையே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். கயிறு வெடுக்கென்று அவர் விரல்களைப் பின்னோக்கி இழுத்தது. அப்போதுதான் உறைத்தது.

"ஐயா, கத்தி எதிலையாவது பட்டதோ?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மார்கழியிலை ஒரு கல்லிலை பட்டது தம்பி. டக்கெண்டு நிண்டுட்டுது. திரும்ப ஸ்ரார்ட் வந்ததாலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ரை வேலை நிரந்தரமில்லை."

முதல் நாள் இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அன்று பள்ளிக்கூடத்து அலுவலர் ஒருவர் பக்கத்தில் நின்றார். என் தொழிலில் கேள்வி மட்டும் சரியாக இருந்தால் போதாது, அதை யாருக்கு முன்னால் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மேல்மூடியைக் கழற்றி, நட்டை விட்டு, கழற்றும் கருவியான புள்ளரைப் போட்டு, தண்டோடு சுழலும் கனமான சில்லான பிளைவீலைத் தூக்கினேன். சுத்தியலால் தட்டித் தூக்குபவர்களும் உண்டு, நான் அதைச் செய்வதில்லை. நுனி நோக்கிக் குறுகும் தண்டில், பிளைவீலின் வெட்டும் தண்டின் வெட்டும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் நகராமல் பிணைக்கும் ஒரு சிறிய அலுமினியத் துண்டு இருக்கும், அதைத்தான் சாவி என்போம். அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். நேராக இருக்க வேண்டிய துண்டு நடுவில் ஒரு படி விழுந்து நின்றது. நகத்தை அதன்மேல் ஓட்டினால் படியில் தட்டி நின்றது. ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது.

கத்தி கல்லில் பட்டதும் அது பூட்டியிருக்கும் தண்டு அப்படியே நிற்கிறது. கனமான பிளைவீல் நிற்காமல் கொஞ்சம் முன்னால் போகிறது. பிளைவீலில் பதித்த காந்தம் கொயிலை, அதாவது கம்பிச் சுருளை, கடக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். பிளைவீல் முன்னால் நகர்ந்தால் பொறியும் முந்திவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறி அதைத் திருப்பித் தள்ளும். கயிறு கையைப் பறிப்பது அதனால்தான். காபரேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த எஞ்சின் ஒழுங்காக வேலை செய்யாது.

சாவியை மென்மையான உலோகத்தில் செய்திருப்பதே அது வெட்டுப்பட்டுத் தண்டைக் காப்பாற்றத்தான். அதனால் அந்த இடத்தில் இரும்புத் துண்டு செருக மனம் வரவில்லை. சரியான சாவி கொழும்பிலிருந்து வர நான்கு நாள் ஆனது. தண்டு வளைந்திருக்கிறதா என்று கத்தியின் இரண்டு முனைகளையும் ஒரே புள்ளியில் அளந்து பார்த்தேன். நல்ல காலம், வளையவில்லை. கத்தியைக் கழற்றி, இரண்டு பக்கமும் நிறை சமமாக வரும்படி தீட்டி இறுக்கினேன். கயிற்றை இரண்டு விரலால் இழுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பில்லில் "சாவி மாற்றியது" என்று மட்டும் எழுதினேன். முந்தைய இரண்டு தடவைக்கும் காசு எடுக்கவில்லை, பிழையான இடத்தைக் கழற்றியது நான்.

மெசினைக் கொண்டுபோய் இறக்கிய அன்று பின்னேரம் ஐயா என்னை மைதானத்தின் வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புல்லுக்குள் சுண்ணாம்புக்கல் ஒன்று, வெளியே தெரிந்தது இரண்டு விரல் உயரம்தான். அவர் அலவாங்கு எடுத்து வந்தார். தோண்டத் தோண்ட அது பூசணிக்காய் அளவுக்கு வந்தது. இரண்டு பேருமாக உருட்டிக்கொண்டு போய் வேலியோரம் விட்டோம். குழிக்கு மண் போட்டு மிதித்துவிட்டு, அவர் மெசினின் கயிற்றைப் பிடித்தார்.